ரப்பர் மூடியில் ஊசித் துளைகள்

அத்தியாயம் 5

"செத்துப் போச்சு" என்று சொல்லிவிட்டு விஞ்ஞானி மூக்கை உறிஞ்சினார்.

அறையைச் சுற்றிப் பார்த்தான் ரேடியோ. மேஜைக்கு அடியில் குனிந்தும் பார்த்தான். "யாரு சார் செத்தது? ஆளையே காணோம்."

"இதுதான்."

மேஜைமேல் ஒரு கண்ணாடிப் பானை இருந்தது. இடுப்பைச் சுற்றி வெந்நீர் ஓடும் உறை, பக்கவாட்டில் ஒரு சின்னக் குழாய், தலையில் ரப்பர் மூடி. உள்ளே வெளிர் மஞ்சளாக ஏதோ ஒரு நீர்.

"இதுக்கா எங்களைக் கூப்பிட்டீங்க? அண்ணி, நாம பெரிய கேஸுன்னு நினைச்சு சட்டையெல்லாம் தேய்ச்சுப் போட்டுக்கிட்டு வந்தோமே!"

"கொஞ்சம் சும்மா இரு" என்றாள் அண்ணி.

ரேடியோ என்பது அவனுக்குப் பெற்றவர்கள் வைத்த பெயரல்ல. விழித்தது முதல் தூங்கும்வரை வாய் ஓயாததால் ஊர் வைத்தது. துப்பறியும் நிலையத்தை ஆரம்பித்தவர் அவனுடைய அண்ணன். அவர் காலமான பிறகு அண்ணி அதை நடத்துகிறாள். இவன் உதவியாளன். இவன் மூச்சுக்கு மூச்சு "அண்ணி, அண்ணி" என்று கூப்பிடுவதைக் கேட்டுக் கேட்டு, வழக்கோடு வருகிறவர்கள் முதல் காவல் நிலையத்துக்காரர்கள் வரை எல்லோருக்கும் அவள் அண்ணியாகிவிட்டாள். அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டவர் ஒரே ஒருவர்தான். அந்தப் பெயர் காதில் விழுந்து நாளாகிவிட்டது.

வாசற்படியில் நின்றிருந்த ஆய்வக இயக்குநர் கையிலிருந்த காகிதத்தை ஆட்டினார். "சாயங்காலம் இந்தப் புகார் போலீசுக்குப் போகுது. என் கையெழுத்துதான் பாக்கி. இவரோட தங்கச்சி இதே அறையில இவர்கூட வேலை பார்த்த பொண்ணு. போன வாரம் திடீர்னு வேலையை விட்டுட்டுப் போயிடுச்சு. போறப்ப பானையில விஷம் வெச்சுட்டுப் போயிடுச்சுன்னு இவர் சொல்றார். எனக்கென்னவோ மனசு ஒப்பல. அதான் உங்களைக் கூப்பிட்டேன். நான் கையெழுத்துப் போட்டுட்டா, உலகத்துல எந்த ஆய்வகத்துலயும் அந்தப் பொண்ணைப் படியேத்த மாட்டாங்க."

"கூடப் பிறந்த தங்கச்சி மேலயா புகார்?" என்றாள் அண்ணி.

விஞ்ஞானி மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"முதல்ல இந்தப் பானை என்ன பண்ணிக்கிட்டிருந்ததுன்னு சொல்லுங்க. இவனுக்குப் புரியற மாதிரி."

"அப்ப மத்தியானம் ஆயிடும்" என்றான் ரேடியோ.

பானையைப் பற்றிப் பேசச் சொன்னதும் விஞ்ஞானிக்குக் குரல் திரும்பி வந்தது. "கொதிக்கிற வெந்நீர் ஊத்துல வாழற நுண்ணுயிர்கள் இருக்கு. அதுங்களோட நொதிகள் சூட்டுல வேகாது. நொதின்னா, ஒரு பொருளை இன்னொரு பொருளா மாத்தற வேலையாள்னு வெச்சுக்கோங்க. நம்ம உடம்புல இருக்கிற நொதியைக் காய்ச்சினா முட்டை வெள்ளைக்கரு மாதிரி கட்டியாயிடும். இதுங்க அசையாது."

"எங்க அண்ணி மாதிரி. நான் எவ்வளவு சூடாப் பேசினாலும் முகத்துல ஒண்ணும் தெரியாது."

"அந்த நொதிக்கான மரபணுவை எடுத்து, சாதாரண பாக்டீரியாவுக்குள்ள வெச்சு வளர்ப்போம். வளர்ந்ததும் உடைச்சுச் சூடு பண்ணினா, பாக்டீரியாவோட சொந்தச் சரக்கெல்லாம் வெந்து அடியில தங்கிடும். எங்களுக்கு வேணுங்கிற நொதி மட்டும் மேல தெளிவா நிக்கும். அப்படி எடுத்த நொதிகளை வரிசையா இந்தப் பானையில விட்டு, சர்க்கரையை ஊத்தினா, ஒருத்தர் கையிலேர்ந்து இன்னொருத்தர் கைக்கு மாறி, கடைசியில மருந்துக்கான மூலப்பொருளா வெளியே வரும். உயிருள்ள செல்லே தேவையில்லை."

"அப்ப எல்லாரும் பண்ணலாமே?"

"ஒரு சிக்கல் இருக்கு. துணைநொதின்னு ஒரு வெள்ளைத் தூள். அது கூட இல்லேன்னா இந்த நொதிகள் வேலை செய்யாது. ஆனா அது மட்டும் சூடு தாங்காது. ஒரு நாள்ல நைஞ்சு போயிடும்." அவர் நெஞ்சை நிமிர்த்தினார். "அதைக் காப்பாத்த நான் ஒரு கலவை கண்டுபிடிச்சேன். அதைச் சேர்த்த பிறகு ஆரம்பத்துல ஒரே ஒரு தடவை தூள் போட்டதோட சரி. ஒரு வருஷமா பானை தன்னால ஓடிச்சு. அவ போன மறுநாளே நின்னுடுச்சு."

"இந்த அறைக்கு யார் யார்கிட்ட சாவி?"

"ரெண்டே சாவி. ஒண்ணு என்கிட்ட. அவ சாவியை இவர்கிட்ட குடுத்துட்டுத்தான் போனா."

"அது என் பெட்டிக்குள்ளயே இருக்கு" என்றார் இயக்குநர்.

"விஷம் எப்படி வெச்சிருப்பாங்க?"

விஞ்ஞானி இதற்காகவே காத்திருந்தவர் போல மூடியைக் கழற்றிக் கையில் எடுத்தார். விளிம்போரம் ஒரு துளை. பென்சில் முனை நுழையும். ஓரங்கள் கறுப்பாக, சுத்தமாக, புதுசாகத் தெரிந்தன. "பாருங்க. நான் மூடியைத் தொடறதே இல்ல. பக்கத்துக் குழாய்லதான் மாதிரி எடுப்பேன். இது அவ ஊசி போட்ட இடம்."

ரேடியோ தன் செல்போனை எடுத்துப் படம் பிடிக்கப் போனான்.

"சார், அந்தக் கட்டைவிரலைக் கொஞ்சம் எடுங்களேன்" என்றாள் அண்ணி.

"ம்?"

"மூடியோட நடுவுல உங்க விரல் இருக்கு."

விரல் மெல்ல நகர்ந்தது. அண்ணி படிக்கும் கண்ணாடியை மாட்டிக்கொண்டு குனிந்தாள். ரப்பரின் நடுப்பகுதி பழுப்பேறிக் கிடந்தது. ஆவி கசிந்து கசிந்து ஏறிய பழுப்பு. அதற்குள் பொடிப் பொடியாகத் துளைகள். ஒன்றா, பத்தா? சல்லடை மாதிரி. எறும்புகூட நுழைய முடியாத மெல்லிய துளைகள்.

அண்ணி நிமிரவில்லை. இந்த மாதிரி ஒரு மூடியை அவளுக்கு நன்றாகத் தெரியும். கணவருக்கு இரண்டு வேளையும் அவள்தான் இன்சுலின் போடுவாள். புட்டி தீரும்போது ரப்பர் இப்படித்தான் ஆகிவிடும். கடைசிப் புட்டி பாதி மருந்தோடு இன்னும் அவள் வீட்டு ஃபிரிட்ஜில் இருக்கிறது. தூக்கிப் போட வேண்டும் என்று ஒவ்வொரு தடவை கதவைத் திறக்கும்போதும் நினைப்பாள். தண்ணீரை எடுத்துக்கொண்டு மூடிவிடுவாள்.

ஃபிரிட்ஜ் என்றதும் அறையின் மூலையில் ஒன்று இருப்பது கண்ணில் பட்டது. குட்டி ஃபிரிட்ஜ்.

"சார், உங்க நொதியையெல்லாம் அலமாரியில திறந்தபடி வெச்சிருக்கீங்க. கொதிச்சாலே கெடாதது வெளியில இருந்தா கெடாது. சரி. அப்ப ஃபிரிட்ஜ் எதுக்கு?"

"அது... அவ குடிக்கத் தண்ணி வெச்சுப்பா."

ரேடியோ திறந்தான். தண்ணீர் இல்லை. ஒரு சின்னப் புட்டியில் வெள்ளைத் தூள், பாதி.

"ஆரம்பத்துல போட்டதோட மிச்சம்" என்றார் விஞ்ஞானி அவசரமாக.

"போன மாசம் வாங்கினதுன்னு ஒட்டியிருக்கே சார்?" என்றான் ரேடியோ. "ஒரு வருஷத்துக்கு முன்னாடி போட்டதுக்குப் போன மாசம் மிச்சமா? எங்க வீட்டு மளிகையும் இப்படி மிஞ்சினா நல்லா இருக்கும்."

அண்ணி புட்டியை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு அதே இடத்தில் வைத்தாள். "அந்தப் பொண்ணு எங்க தங்கியிருக்கு?"

*

அது ஒரு அச்சகத்துக்கு மேலே இருந்த ஒற்றை அறை. கீழே இயந்திரம் ஓடும்போதெல்லாம் மாடிப்படி நடுங்கியது.

கதவைத் திறந்த பெண் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். "போலீஸா?"

"போலீஸா இருந்தா இத்தனை படி ஏறியிருப்பாங்களாம்மா? கீழேயிருந்தே கத்தியிருப்பாங்க" என்றான் ரேடியோ மூச்சு வாங்கியபடி.

அவள் சிரிக்கவில்லை. உள்ளே வரச் சொல்லி, இருந்த ஒரே நாற்காலியை அண்ணிக்குப் போட்டாள். ஒரு பாய், ஒரு தட்டு, ஒரு டம்ளர். சுவரில் ஆணி மட்டும் இருந்தது. அதில் மாட்ட எதுவும் இல்லை. அடுப்பின் மேல் பால் ஆறி ஆடை கட்டியிருந்தது. ஒரு ஆளுக்குக் காய்ச்சிய பால் எப்போதும் கொஞ்சம் மிஞ்சிவிடும் என்பது அண்ணிக்குத் தெரியும்.

"காலையில வந்திருந்தா தூக்கத்தைக் கெடுத்திருப்போமோ என்னவோ" என்று பேச்சை ஆரம்பித்தாள்.

"தூக்கமா? இன்னமும் இருட்டோடயே முழிப்பு வந்துடுது. இனிமே எங்கேயும் போக வேண்டியதில்லைன்னு ஞாபகம் வர்றதுக்குள்ள பல்லைத் தேய்ச்சு, தலையை வாரி முடிச்சுடறேன்."

"எல்லாருக்கும் முன்னாடி போயிடுவீங்களோ?"

"ஆமா."

"ஞாயித்துக்கிழமைகூட?"

அண்ணி ரேடியோவிடமிருந்து செல்போனை வாங்கி, மூடியின் படத்தைப் பெரிதாக்கி அவள் முன் நீட்டினாள்.

"விஷம்னா ஒரு குத்து போதும்மா. அதோட வேலை முடிஞ்சுடும். இது தினமும் குத்தினது. தினமும் குடுக்கறது சோறு."

கீழே இயந்திரம் நின்றது. அறை திடீரென்று பெரிதாகிவிட்டது போல இருந்தது.

"யார்கிட்டயும் சொல்லிடாதீங்க" என்றாள் அவள்.

"அண்ணி, எனக்கு இன்னும் புரியல" என்றான் ரேடியோ.

"அந்தக் கலவை வேலை செய்யலடா. தூள் சூட்டுல நைஞ்சுக்கிட்டேதான் இருந்திருக்கு. இவங்க தினமும் காலையில வந்து, அண்ணனுக்குத் தெரியாம, கொஞ்சம் தூளைக் கரைச்சு ஊசியில ஏத்தியிருக்காங்க. பானை தானா ஓடுதுன்னு அவர் நினைச்சுக்கிட்டார். இவங்க விஷம் வெக்கல. போடறதை நிறுத்தினாங்க. அவ்வளவுதான்."

"ஐயய்யோ!" என்றான் ரேடியோ.

அந்தப் பெண் தரையில் உட்கார்ந்துகொண்டாள். "முதல் தடவை போட்டது டைரக்டர் பானையைப் பார்க்க வந்த அன்னிக்கு. நான் காலையில போனப்பவே பானை சோர்ந்து கிடந்தது. அண்ணன் புதுச் சட்டை போட்டுக்கிட்டு வரப்போறார்னு தெரியும். மனசு கேக்கல. ஒரு சிட்டிகை போட்டேன். அன்னிக்கு அவர் என்கிட்ட எவ்வளவு சந்தோஷமாப் பேசினார் தெரியுமா? சரி, நாளைக்குச் சொல்லிடலாம்னு இருந்தேன். நாளைக்கு, நாளைக்குன்னு ஒரு வருஷம் போயிடுச்சு. ஜுரத்தோட போயிருக்கேன். கூடப் படிச்சவ கல்யாணத்துக்குப் போகல. யாராவது எங்கயாவது கூப்பிட்டா, பானை பட்டினி கிடக்குமேன்னு வரலைன்னுடுவேன். கொஞ்ச நாள்ல கூப்பிடறதையே விட்டுட்டாங்க."

"அப்புறம் ஏன் விட்டீங்க?"

"போன வாரம் வெளியூர்லேர்ந்து பெரிய மனுஷங்க வந்திருந்தாங்க. 'இதுக்கு ஆளே வேண்டாம். என் தங்கச்சி சும்மா பக்கத்துல உக்காந்திருக்கா'ன்னு அண்ணன் சொன்னார். எல்லாரும் சிரிச்சாங்க. நானும் சிரிச்சேன். சாயங்காலமே சாவியைக் குடுத்துட்டு வந்துட்டேன்."

"இதை இப்படியே டைரக்டர்கிட்ட சொல்லுங்க. புகார் போகாது."

"மாட்டேன்." குரல் சின்னதுதான், ஆனால் உறுதியாக இருந்தது. "நான் விஷம் வெச்சேன்னா கெட்டவ நான் மட்டும்தான். அண்ணனோட கலவைக்கு ஒண்ணும் ஆகாது. அடுத்த பானை ஓடலேன்னா வேற காரணம் தேடிப்பார். நான் தூள் போட்டேன்னு சொன்னா, ஊரைக் கூட்டிச் சொன்ன மனுஷன் ஒரே நாள்ல பொய்யராயிடுவார். பாவம், அவருக்கு அந்தப் பானையை விட்டா யாரும் இல்ல. விஷம்னே இருக்கட்டும்."

"உங்களுக்கு யாரும்மா இருக்கா?" என்று ரேடியோ கேட்டுவிட்டான். கேட்ட பிறகு நாக்கைக் கடித்துக்கொண்டான்.

செல்போனைத் திருப்பிக் கொடுக்கப் போனவள், மறுபடி படத்தைப் பார்த்தாள். "இதென்ன ஓரத்துல?"

"அது நீங்க விஷம் ஏத்தின ஓட்டைன்னு சொல்றார் உங்க அண்ணன்."

"இது நான் போட்டதில்ல. இவ்வளவு தடி ஊசியை ரப்பர்ல யாரும் குத்த மாட்டாங்க. கிழிஞ்சு ஆவியெல்லாம் போயிடும். நான் வேலையை விட்டுட்டு வந்த அன்னிக்கு இது இல்ல."

"அப்படிப் போடு!" ரேடியோ துள்ளினான். "அப்ப நிஜமாவே விஷம் வெச்ச ஆள் வேற யாரோ இருக்கான் அண்ணி!"

அண்ணி அந்தப் பெண்ணையே பார்த்துக்கொண்டிருந்தாள். அந்த முகத்தில் ஏதோ ஒன்று மெல்ல அணைந்தது.

"என் சாவி எங்க இருக்கு?"

"டைரக்டரோட பெட்டியில. வெளியே எடுக்கல."

அவள் எழுந்து செருப்பை மாட்டினாள். "நானும் வரேன்."

வழியில் ரேடியோ ஒரு ஜோக் சொன்னான். யாரும் சிரிக்காததால் அவனே சிரித்து முடித்தான்.

*

இயக்குநர் பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு பானை அறையிலேயே இருந்தார். தங்கையைப் பார்த்ததும் விஞ்ஞானி எழுந்து நின்றார். பிறகு எதற்கு எழுந்தோம் என்று தெரியாதவர் போல உட்கார்ந்தார்.

"சார், ஒரு சின்னச் சோதனை" என்றாள் அண்ணி. "விஷம் வெச்ச பானையில எவ்வளவு தூள் போட்டாலும் ஓடாது. நொதியே செத்திருக்கும். விஷம் இல்லாத பானைன்னா, தூள் போட்டதும் எழுந்து உக்காரும். சரிதானே? ஃபிரிட்ஜுல அரைப் புட்டி இருக்கு. போட்டுப் பார்த்துடலாம்."

"வேண்டாம்" என்றார் விஞ்ஞானி.

"ஏன்?"

"அது... நேரம் வீண்."

"எனக்கு நேரம் இருக்கு" என்றார் இயக்குநர். "போடுங்க."

தங்கை ஃபிரிட்ஜைத் திறந்து புட்டியை எடுத்தாள். ஒரு சிட்டிகையை நீரில் கரைத்தாள். மேஜையின் கடைசி இழுப்பறையில் கைவிட்டு, பார்க்காமலேயே மெல்லிய ஊசி ஒன்றை எடுத்துப் பொருத்தினாள். எத்தனையோ காலைகள் செய்த கை. அது மூடியின் நடுவுக்குப் போனபோது விஞ்ஞானி சொன்னார்:

"போடாதம்மா. எழுந்துடும். எனக்குத் தெரியும்."

இயக்குநர் பேனாவை மூடினார்.

"எப்படித் தெரியும்?" என்றாள் அண்ணி. அவளே தொடர்ந்தாள். "காலையில மூடியைக் காட்டினப்ப உங்க கட்டைவிரல் சரியா நடுவுல இருந்தது. சின்னத் துளைகளை மறைச்சீங்க. மறைக்கணும்னா, அங்க என்ன இருக்குன்னு முன்னாலயே தெரிஞ்சிருக்கணும். அந்தப் பெரிய துளை உங்களோடதுதானே சார்?"

"பானை நின்ன அன்னிக்கு மூடியைப் பார்த்தேன்" என்றார் விஞ்ஞானி. யாரையும் பார்க்காமல் பானையிடம் சொன்னார். "பூரா துளை. ஃபிரிட்ஜைத் திறந்து பார்த்தேன். கைக்கு அகப்பட்ட ஊசியில தூளைக் கரைச்சு ஏத்தினேன். குழாயைத் திறந்து சோதனைக் காகிதத்துல ஒரு சொட்டு விட்டா, ஊதா நிறமா மாறுது. ஓடுது! அங்கேயே நின்னுட்டேன். நான் ஒரு வருஷமா ஊரெல்லாம் பேசினது இந்தப் பொடி ஊசியைப் பத்தி. மறுநாள் அது திரும்ப நின்னுடுச்சு. நான் மறுபடி போடல."

"அதுக்கப்புறம்தான் விஷம்னீங்க."

"ஆமா."

ரேடியோ வாயைத் திறந்தான். அண்ணி பார்த்த பார்வையில் மூடிக்கொண்டான்.

இயக்குநர் புகாரை நான்காக மடித்துச் சட்டைப் பையில் வைத்தார். தங்கையிடம் திரும்பி, "உன் மேல ஒண்ணும் இல்லம்மா. சாவியை எப்ப வேணா வந்து வாங்கிக்கோ" என்றார். விஞ்ஞானியிடம், "நீங்க நாளைக்கு என்னை வந்து பாருங்க" என்று மட்டும் சொல்லிவிட்டு வெளியேறினார். நடைவழியில் அவருடைய காலடிச் சத்தம் ரொம்ப நேரம் கேட்டது.

அண்ணனும் தங்கையும் பானைக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமுமாக நின்றார்கள். அவர் இரண்டு தடவை தொண்டையைச் செருமினார்.

"ஒரு நாளாவது என்கிட்ட சொல்லியிருக்கலாமேம்மா."

"ஒரு நாளாவது நீங்க சீக்கிரம் வந்திருக்கலாமேண்ணா."

அவள் ஊசியை அவர் கையில் வைத்தாள். கரைத்தது அப்படியே உள்ளே இருந்தது. "மெதுவாக் குத்துங்க. நடுவுல. நாளைக்கும் போடணும், அதுக்கு மறுநாளும் போடணும். லைட்டெல்லாம் போடாதீங்க, ஜன்னல் வெளிச்சமே போதும். அந்த நேரத்துல இந்தக் கட்டடத்துல யாரும் இருக்க மாட்டாங்க. பம்ப் சத்தம் மட்டும் கேட்டுக்கிட்டிருக்கும். முதல்ல கொஞ்ச நாள் கஷ்டமா இருக்கும்."

"நீ வர மாட்டியா?"

அவள் கதவருகே போய்விட்டாள். அண்ணி விலகி வழிவிட்டாள்.

"நான் தூங்கணும்ணா" என்றாள் தங்கை.